கல்வாயருக்குக் கப்பல் கிடையாது

மார்ச் 17, ஞாயிறு

இதைப் போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டுகிறது. வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் கண்டபடி எழுதித் தொலைக்கிறது. செய்தி வாசிப்பவர் போல நிறுத்தி நிதானமாகச் சொன்னால் ஒழுங்காக எழுதுகிறது. அதனால் இந்த நாட்குறிப்பில் நான் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருப்பேன்.

விவரம் வருமாறு. பெயர் கோகிலவாணி. வயது முப்பத்து மூன்று. ஈரோட்டில் நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். பிப்ரவரி பதினெட்டாம் தேதி காய்ச்சல். இருபத்தொன்றாம் தேதி காலையில் எழுந்தபோது இடது கண்ணில் ஒன்றும் இல்லை. மறுநாள் வலது கண்ணும் போய்விட்டது. பார்வை நரம்பில் வீக்கமாம். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பதினேழு நாள். ஊசி போட்டார்கள், ரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது.

இப்போதைய நிலை: இடது கண் இல்லை. வலது கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். முகத்துக்குப் பக்கத்தில் யாராவது கையை ஆட்டினால் ஏதோ அசைவது தெரியும்.

மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம், நரம்பு மெதுவாகத்தான் தேறும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பொறுக்கிறேன்.

மார்ச் 20, புதன்

பற்பசையைப் பிரஷ்ஷில் வைக்கத் தெரியவில்லை என்று மூன்று நாளாகத் திண்டாடினேன். இன்று விடை கிடைத்தது: நேரே வாயில் பிதுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அம்மா பவானியிலிருந்து வந்து தங்கியிருக்கிறாள். தோசையைப் பிய்த்து ஊட்ட வந்தாள். தட்டைப் பிடுங்கிக்கொண்டேன். சட்னி மடியில் கொட்டியது. மடியில் கொட்டிக்கொண்டாவது நானே சாப்பிடுவேன் என்று சொல்லிவிட்டேன்.

டியூப் லைட் நேற்றைவிடக் கொஞ்சம் பிரகாசமாகத் தெரிந்தது.

மார்ச் 24, ஞாயிறு

என் கணவன் தரணிக்கு மில்லில் வார விடுமுறை. காலையிலிருந்து வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். பத்து மணிவாக்கில் லேப்டாப் திறக்கும் சத்தம் கேட்டது. உடனே மூடும் சத்தம். (பேச்சை மட்டும் உள்ளபடியே சொல்கிறேன். போன் தப்பாக எழுதினால் எழுதட்டும்.)

"ஏன் மூடிட்ட?"

"சும்மா, மெயில் பாத்தேன்."

"மெயிலுக்குப் பாட்டெல்லாம் வருமா? நெடுங்கரைதானே?"

அந்த விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் வாயில் நுழையாத ஒரு பெயர். நெடுங்கரை என்பது நாங்கள் வைத்தது. நீளமான ஒரு கடற்கரை, அதில் ஏழு குலங்கள். கோட்டை கட்டலாம், படை அனுப்பலாம், உடன்படிக்கை செய்யலாம், மீறலாம். நாம் ஒரு சுற்று ஆடினால் எதிரிகள் ஒரு சுற்று ஆடுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து ஆடுகிறோம். படை நடத்துவது அவன். கதை எனக்கு. விளையாட்டுக்குள்ளேயே பன்னிரண்டு தொகுதி ஏடுகள் உண்டு. எந்தக் குலம் எங்கிருந்து வந்தது, யாருக்கு யாரோடு பகை என்று எல்லாம் அதில் இருக்கும். நான் இரண்டு முறை முழுக்கப் படித்திருக்கிறேன். அவன் ஏடு வந்தாலே தள்ளிவிடுவான். "யார அடிக்கணும்னு மொதல்ல சொல்லு, ஏன் அடிக்கணும்னு அப்பறம் சொல்லு" என்பான்.

"தொற" என்றேன். "நீ வரைபடத்த எனக்குச் சொல்லு. நான் உனக்கு ஏட்டைச் சொல்றேன். ஒரு கோட்டைக்கு ஒரு கதை."

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "கண்ணு சரியில்லாத நேரத்துல கம்ப்யூட்டரு எதுக்குங் கண்ணு?"

"நான் எங்கம்மா பாக்கறேன்? கேக்கத்தான் போறேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் புது ஆட்டம் தொடங்கினோம்.

எங்கள் குலம் தேனடையர். தேனீ வளர்ப்பவர்கள், கேடயத்துக்கு மெழுகு பூசிச் சண்டைக்குப் போகிறவர்கள். தலைவி பெயர் ஓரின். தலைநகரம் தேன்மலை.

மார்ச் 31, ஞாயிறு

தரணியிடம் வரைபடம் கேட்பது பெரிய தலைவலி. "அங்க ஒரு மலை, இங்க ஒரு ஆறு" என்கிறான்.

"அங்கன்னா எங்க? தேன்மலையிலருந்து எந்தத் திசை, எத்தனை கட்டம்?"

பதினோரு வருடமாகப் புலப்படம் வரைகிறவளிடம் அங்க இங்க என்று சொன்னால் ஆகுமா? எல்லைக் கல்லில் தொடங்கி அளந்துகொண்டே போக வேண்டும். இன்று அவனைப் பழக்கினேன். பழைய கேரம் போர்டைத் திருப்பிப் போட்டு, அதன் மேல் நூல் ஒட்டிக் கட்டம் பிரித்தோம். எங்கள் கோட்டைகளுக்குப் புளியங்கொட்டை, எதிரிக் கோட்டைகளுக்கு மொச்சை. ஆற்றுக்குச் சணல் கயிறு. விரலால் ஒரு முறை தடவினேன். மொத்தக் கரையும் தலைக்குள் வந்துவிட்டது.

இந்த மாதத்தில் முதல் தடவையாகத் தூக்கம் நன்றாக வருகிறது.

ஏப்ரல் 7, ஞாயிறு

முதல் கோட்டையைப் பிடித்தோம். பேசியபடி ஒரு கதை சொன்னேன், கல்வாயர் பற்றி. வடக்கே இருக்கும் குலம். போர்க்களத்தில் வாயே திறக்க மாட்டார்கள். முரசு கிடையாது, கொம்பு கிடையாது. வாயைத் தோல் வாரால் கட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் சத்தமில்லாமல் நடந்து வருவார்கள்.

"ஏன் பேச மாட்டாங்க?"

"அவங்க தலைநகரப் பிடி, சொல்றேன்."

"இப்பவே சொல்லேன்."

"ஆறு வருசமா ஏட்டைத் தள்ளிவிட்டவனுக்கு இப்ப என்ன அவசரம்?"

மில்லில் காலை ஷிஃப்ட் என்பதால் தினமும் மூன்றரைக்கு வந்துவிடுகிறான். இனி ஞாயிறு மட்டுமல்ல, தினமும் நாலு மணிக்கு ஒரு மணி நேரம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. அம்மா வேப்பம்பூப் பச்சடி செய்தாள். என் பக்கத்தில் வந்து நின்றபோது புடவை முந்தானை கையில் பட்டது. மொரமொரவென்று புதுப் புடவை, கரையில் கோபுரம்.

"பச்சைதானேம்மா?" என்றேன்.

அம்மா முந்தானையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். பிறகு "ஆமாங் கண்ணு, பச்சைதான்" என்று அழுதாள். தரணியைக் கூப்பிட்டு, "மாப்பிள்ள, கண்ணுக்கு நெறம் தெரியுதுங்க" என்றாள்.

எல்லோருக்கும் சந்தோஷம்.

ஏப்ரல் 23, செவ்வாய்

இன்று ஒன்றும் இல்லை.

மே 1, புதன்

மே தினம், மில் விடுமுறை. வெயில் தாங்கவில்லை. மின்விசிறிக் காற்றில் புளியங்கொட்டைகள் நகர்ந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் கீழும் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன்.

நிலைமை சுகமில்லை. கல்வாயர் நான்கு படையோடு தேன்மலையை நோக்கி வருகிறார்கள். எங்களிடம் இரண்டு படை. தரணி பயப்படவில்லை. இருநூறு பேரை வைத்துக்கொண்டு மூவாயிரம் பேரைத் தடுத்தவன் அவன், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மே 8, புதன்

கோயம்புத்தூர் போய்வந்தோம். மூன்று மாதப் பரிசோதனை. தலையைக் குழாய்க்குள் விட்டுப் படம் எடுத்தார்கள். பிறகு கண்ணில் சொட்டு மருந்து விட்டு என்னை வெளியே உட்காரவைத்தார்கள். அம்மாவும் தரணியும் உள்ளே போனார்கள். பதினைந்து நிமிடம் இருக்கும்.

"என்ன சொன்னாங்க?"

"மெதுவாத்தான் வருமாமா. மாத்திரை மாத்தியிருக்காங்க" என்றான் தரணி.

திரும்பி வரும்போது காரில் யாரும் பாட்டு வைக்கச் சொல்லவில்லை. அம்மாவுக்கு ஜலதோஷம்.

நான்தான் இன்றும் ஆட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஐந்து மணிக்கு உட்கார்ந்தோம். நடுவே அம்மாவுக்கு வெந்நீர் வைக்க நான் அடுப்படிக்குப் போனேன் (நானே வைத்தேன், சுட்டுக்கொள்ளவில்லை). திரும்பி வந்தபோது, "ஜெயிச்சுட்டோம்" என்றான்.

"நாலு படையையுமா?"

"நாலையும். கோட்டை நிக்குது."

அவன் உள்ளங்கையில் என் கையைத் தட்டினேன். அவன் கை ஈரமாக இருந்தது.

மே 14, செவ்வாய்

தரணி திருந்திவிட்டான்! ஏடு வந்தால் இப்போது அவனே வாசித்துக் காட்டுகிறான். இன்று தேன்மலை முற்றுகைக் காலத்துக் கதை ஒன்று. கோட்டைக்குள் யூனா என்று ஒரு சமையல்காரி. தானியம் தீர்ந்துவிடுகிறது. தினமும் வெறும் வெந்நீரில் உப்பும் இலையும் போட்டுக் கொதிக்கவைத்து, இன்று பட்டாணிக் கஞ்சி, இன்று மீன் குழம்பு என்று ஒவ்வொரு நாளும் ஒரு பெயர் சொல்லி ஊற்றுகிறாள். சிப்பாய்கள் குடித்துவிட்டு, மீன் கொஞ்சம் உப்புக் கூடிப்போச்சு என்று குறை சொல்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் இந்த விளையாட்டுக்குக் கதை எழுதியவர்கள் இப்படியெல்லாம் எழுத மாட்டார்களே. ராஜாக்களைத் தவிர யாரையும் கண்டுகொள்ளாதவர்கள். இரண்டு முறை படித்தும் யூனா எப்படி என் கண்ணில் படாமல் போனாள்?

மே 19, ஞாயிறு

துணி மடித்தேன். காலுறைகளை ஜோடி சேர்க்கத் தெரிந்துவிட்டது.

இந்த வாரம் மட்டும் மூன்று கோட்டை பிடித்திருக்கிறோம். பலகையில் புளியங்கொட்டை நிறைந்திருக்கிறது. தோற்கவே மாட்டேன் என்கிறோம்.

போர்ச் சத்தத்தில் ஒரு குதிரை கனைக்கிறது. நேற்றும் அதே இடத்தில் கனைத்தது. முந்தாநாளும்.

மே 26, ஞாயிறு

இன்று தரணி சொன்னது: கல்வாயர் கடல் வழியாக வந்தார்களாம். பன்னிரண்டு கப்பல். துறைமுகத்தில் வைத்து மெழுகு அம்பு எய்து எல்லாவற்றையும் எரித்துவிட்டோமாம்.

"பன்னண்டுமா?"

"பன்னண்டும்."

"நல்லது" என்றேன்.

மே 27, திங்கள்

அம்மா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் இருக்கிறாள். தண்ணீர் வாளியில் விழும் சத்தம் இல்லை, தரையில் விழும் சத்தம். முன்பும் கேட்டிருக்கிறேன். எப்போதிலிருந்து என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மே 29, புதன்

தலைவலி என்று சொல்லி ஆட்டத்துக்கு உட்காரவில்லை. நேற்றும் இல்லை.

கேட்கலாம். கேட்காமலும் இருக்கலாம். கேட்காவிட்டால் நாளைக்கும் ஜெயிப்போம்.

ஜூன் 1, சனி

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

நாலு மணி. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாம்பார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தரணி முகம் கழுவி வந்து லேப்டாப்பைத் திறந்தான்.

"கல்வாயர் இன்னும் ரெண்டு கப்பல் அனுப்பியிருக்காங்க" என்று தொடங்கினான்.

"தரணி, கல்வாயருக்குக் கப்பல் கிடையாது."

அம்மா இருக்கும்போது அவனை நான் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன், ஏங்க என்றுதான் சொல்வேன். இன்று மறந்துவிட்டது.

"ஏன் பேச மாட்டாங்கன்னு கேட்டியே, இப்ப சொல்றேன். அவங்க மொத ராஜா எத்ரன். ஏழு பசங்க. ஏழு பேரும் ஒரே கப்பல்ல போயி, கரைக்குப் பக்கத்துலயே முழுகிட்டாங்க. பாற இருக்கு, திருப்புங்கன்னு அவன் கரையில நின்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கான். ஒருத்தனுக்கும் கேக்கல. அன்னியிலருந்து அந்தக் குலம் சண்டையில வாயத் தொறக்காது, மரத்தத் தண்ணியில மிதக்க விடாது. வெளையாட்டுலயே அவங்களுக்குக் கப்பல் கட்டற வசதி வெக்கல. மூணாவது தொகுதியில இருக்கு. நீ படிக்கல."

தரணி லேப்டாப்பை மூடும் சத்தம் கேட்டது.

"எப்பருந்து?" என்றேன்.

"மே எட்டு."

"தேன்மலை?"

"அன்னிக்கே போயிருச்சு. ஓரினும் போயிட்டா. ஆட்டமே முடிஞ்சுருச்சு கோகி."

"அப்ப இத்தன நாளா கேட்ட சத்தம்?"

"பயிற்சிப் போர். அதையே தெனமும் போட்டேன்."

"யூனா?"

"மில்லுல சாப்பாட்டு நேரத்துல ஒக்காந்து எழுதுனேன். மாத்தி மாத்திச் சொல்லிட்டா மாட்டிக்குவேன்னு நோட்டுப் போட்டு எழுதி வெச்சேன்."

சிரிப்புதான் வந்தது. கட்டுரைப் போட்டி என்றாலே ஓடி ஒளிகிறவன், எனக்காக ஒரு நோட்டு நிறையப் போரும் கஞ்சியும் எழுதியிருக்கிறான். சிரிக்க வாயைத் திறந்தபோதுதான் அந்தத் தேதி உறைத்தது. மே எட்டு. நான் வெந்நீர் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு தலைநகரத்தைத் தோற்கிறவனா தரணி?

"அன்னிக்கு டாக்டரம்மா உள்ள கூப்புட்டு என்ன சொன்னாங்க?"

வெங்காயம் உரிக்கும் சத்தம் நின்றது.

"அதான் சொன்னேனே..." என்றான்.

"தரணி."

"என்னால முடியல கோகி."

"அம்மா, நீ சொல்லு."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். "மாப்பிள்ளயக் கோவிச்சுக்காத சாமி. நாந்தான் சொல்ல வேண்டாம்னேன். இதுக்கு மேல வராதாமா. இப்ப என்ன தெரியுதோ அதுதானாமா. நாங்க பக்குவமாச் சொல்லிக்கறோம்னு டாக்டரம்மா கைய புடிச்சுக் கெஞ்சிட்டு வந்தோம்."

எனக்கு அழுகை வரவில்லை. பலகையை என் பக்கம் இழுத்தேன்.

"நம்மகிட்ட எது எது இல்லையோ, எல்லாத்தையும் எடு."

அவன் ஒவ்வொன்றாக எடுத்தான். பருக்கையில் ஒட்டியிருந்ததால் ஒவ்வொரு கொட்டையும் சின்னதாக டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. பதினான்கு எண்ணினேன். பிறகு கையை வைத்துப் பார்த்தேன். வெறும் பலகை.

ஜூன் 2, ஞாயிறு

யாரோடும் பேசவில்லை. சாப்பிட்டேன், குளித்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

இரண்டு நாளாக அவர்கள் இருவர் மேலும் கோபமாக இருந்தேன். இன்று காலை தலை சீவிக்கொண்டிருந்தபோது முன்பு பொய்யாக எழுதிய ஒன்றைத் திருத்த வேண்டும் என்று தோன்றியது. டியூப் லைட் ஒரு நாளும் பிரகாசமாகத் தெரியவில்லை. மார்ச் மாதம் எப்படியோ அப்படித்தான் இன்றும். எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "வருசப்பொறப்புக்குக் கட்டியிருந்தியே, பச்சைன்னு சொன்னேன். எனக்கு நெறம் தெரியலம்மா. கோபுரக் கரைய தொட்டுப் பாத்து, பவானியில எடுத்த பச்சைப் பொடவையாத்தான் இருக்கும்னு அடிச்சுவிட்டேன்."

"தெரியுங் கண்ணு" என்றாள் அம்மா.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு நான் கட்டியிருந்தது ஊதா."

மூன்று பேரும் மாற்றி மாற்றி ஒருவருக்கொருவர் வெந்நீரை ஊற்றிக் குடிக்கவைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். போதும்.

மூன்றரைக்குத் தரணி வந்ததும் கேட்டேன். "தோத்ததுக்கு முன்னாடி எந்த எடத்துல சேமிச்சு வெச்சிருக்கு?"

"மூணு சுத்துக்கு முன்னால தானா சேமிச்சிருக்கும். ஆனா அதுலயும் ஜெயிக்க முடியாது கோகி."

"ஜெயிக்கலாமான்னு நான் கேக்கல. அத எடு. ஞாயித்துக்கெழம ஒக்கார்றோம். உள்ளது உள்ளபடி சொல்லணும், ஒரு ஆளக் கூடக் கூட்டிச் சொல்லக் கூடாது."

ஜூன் 6, வியாழன்

டாக்டரம்மாவோடு நானே போனில் பேசினேன். ஒவ்வொன்றாகக் கேட்டேன். வலது கண்ணில் இருக்கும் வெளிச்சம் போகுமா? மறுபடி தாக்காமல் மாத்திரை காப்பாற்றும், விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். திரும்ப வருமா? "வராதுன்னுதான் நினைக்கிறேம்மா. உங்ககிட்ட நேர்ல சொல்லியிருக்கணும், என் தப்பு" என்றார். தேங்க்ஸ் சொல்லி வைத்தேன்.

அதன் பிறகு அழுதேன். சாயங்காலம் வரைக்கும் அழுதேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

தரணி உள்ளதைச் சொன்னான். தேன்மலையின் வடக்கு மதில் பாதி இடிந்துவிட்டது. உள்ளே ஆயிரத்து நூறு பேர். தானியம் இரண்டு சுற்றுக்கு வரும். கல்வாயர் நான்கு படை, ஐயாயிரம் பேர். வெளியே எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு இடம், தென்கிழக்கே ஆறு கட்டம் தள்ளி மீன்முனை என்ற சின்னத் துறை. மதிலே இல்லாத ஊர்.

பலகையில் இரண்டு புளியங்கொட்டை. சுற்றிலும் மொச்சை.

"அன்னிக்கு நான் கோட்டைக்குள்ளயே நின்னு அடி வாங்குனேன்" என்றான். "வெளிய போனாலும் செத்தோம். தலநகரம் போச்சுன்னா ஆட்டம் முடிஞ்சுரும்."

"தேனடையருக்கு அப்படி இல்ல. மொதத் தொகுதி, மொத ஏடு. அவங்க தலநகரம் ஊரு இல்ல, ஓரின் தூக்கிட்டுப் போற தேன்பெட்டி. பெட்டி எங்க எறங்குதோ அதுதான் தலநகரம். ஓரின் படத்துக்குக் கீழ ஒரு சின்னப் பெட்டி வரைஞ்சிருக்கும், பாரு."

"அது அலங்காரத்துக்குன்னு நெனச்சேன்."

"அமுத்து."

அமுக்கினான். "எங்க எறக்கறதுன்னு கேக்குது" என்றான்.

தேன்மலையை விட்டுவிட முடிவு செய்தேன். அவனுக்கு மனசே இல்லை. ஆறு வாரம் கட்டிய கோட்டை. வடக்கு மதிலில் ஐந்நூறு பேரை நிறுத்தினோம். அவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும். மீதிப் பேர் பெட்டியோடு தெற்கு வாசல் வழியாக வெளியேறினார்கள். ஆற்றங்கரையில் ஒரு குதிரைப்படை மறித்தது.

"எத்தன பேரு போனாங்க? சொல்லு."

"எரநூத்திப் பத்து."

"சரி. மீதி?"

"முன்னூத்தித் தொண்ணூறு. மீன்முனைக்குள்ள போயிட்டாங்க."

"படகு?"

"இருக்கு. நாப்பது படகு."

கடலில் ஏறிவிட்டால் அவர்களை யாராலும் துரத்த முடியாது, கல்வாயரால் கண்டிப்பாக முடியாது. தேன்மலை விழுந்த சத்தம் கேட்டது. இதுவரை கேட்காத சத்தம், கல் சரிகிற சத்தம். என் கையாலேயே அந்தக் கொட்டையை எடுத்து மேசையில் வைத்தேன்.

"ஆட்டம் முடியல" என்றான் தரணி. பிறகு என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தான்.

ஜூன் 12, புதன்

அலுவலகத்துக்குப் பேசினேன். மருத்துவ விடுப்பு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. தலைமை வரைவாளர் நல்லசிவம் சாருக்கு என்ன பேசுவது என்றே தெரியவில்லை. "உடம்பு முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டா, வீட்டுலயே நிம்மதியா இருக்கலாமேம்மா" என்றார்.

"வேண்டாங்க சார். வேலையில இருக்கும்போது இப்படி ஆனா வேற வேல குடுக்கணும்னு சட்டம் இருக்கு. நான் மனு குடுக்கப் போறேன்."

"வரையறது எப்படிம்மா?"

"வரையறது முடியாதுங்க சார். மத்தது முடியும்."

மனுவை நானே சொல்லச் சொல்லப் போன் எழுதியது. தரணி படித்துவிட்டு, "அப்படியே உத்தரவு மாதிரி இருக்கு, கொஞ்சம் பணிவு சேரு" என்றான். சேர்க்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

வெள்ளைக் குச்சி வந்துவிட்டது. வாரத்தில் மூன்று காலை பயிற்சி. சொல்லித்தருகிற பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு, அனுதாபம் அதைவிடக் குறைவு. நேற்று ஒரு நாயை மிதித்தேன், இன்று ஒரு தயிர்க்காரரை. இரண்டு பேரும் கத்தினார்கள்.

மீன்முனைக்காரர்கள் தீவில் இறங்கியிருக்கிறார்கள். எங்கள் குலத்தில் இப்போது மீன் காயவைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 27, வியாழன்

உத்தரவு வந்தது. விசாரணைப் பிரிவு, நிலத் தகராறோடு வருகிறவர்களுக்கு வழி சொல்கிற மேசை. ஜூலை ஒன்று முதல். அம்மா சாமி கும்பிடப் போய்விட்டாள். நான் குச்சியோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து பார்த்தேன்.

ஜூலை 1, திங்கள்

காலை எட்டே முக்காலுக்குப் பஸ். தரணி லீவு போட்டுக் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். அம்மா பஸ் ஏற்றிவிட்டால் போதும்.

வாசலிலிருந்து என் மேசைக்கு அறுபத்திரண்டு அடி, நடுவே மூன்று படி. படியில் தடுக்கினேன். பீரோவில் இடித்துக்கொண்டேன். பழைய பிரிவில் என்னோடு வேலை பார்த்தவர்கள் வந்து வந்து பேசினார்கள், பேசிவிட்டு அங்கேயே நின்று என்னைப் பார்த்தார்கள். பார்ப்பது தெரியாது என்று நினைக்கிறார்கள். பதினோரு மணிக்குக் கழிவறைக்குப் போய் அழுதேன். தாழ்ப்பாளைக் கண்டுபிடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது.

பன்னிரண்டு மணிக்கு ஒருவர் வந்தார். கொடுமுடிப் பக்கம். குரலைக் கேட்டால் அறுபது இருக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டானாம். "அங்கருந்து இங்க வரைக்கும் புடிச்சுட்டானுங்க" என்றார்.

"அங்கன்னா எங்கீங்க? உங்க கெணத்துலருந்து சொல்லுங்க. வேலி எந்தத் தெசையில இருக்கு? எத்தன அடி?"

அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். கிணறு, கிழக்கே வாய்க்கால், வாய்க்கால் முனையில் ஒரு கல், கல்லிலிருந்து வேலி. அவர் சொல்லச் சொல்ல அந்தத் தோட்டம் என் தலைக்குள் கோடு கோடாக விழுந்தது. நிலத்தின் உட்பிரிவு எண்ணைக் கேட்டேன். எந்தப் படிவம், யாரிடம் கொடுப்பது, அளக்க வரும் நாளில் யார் யார் நிற்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது, "ஏனுங் அம்மிணி, நாங் கொண்டாந்த படத்த நீங்க பாக்கவே இல்லீங்களே" என்றார்.

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க" என்றேன்.

வெளியாள் ஒருவரிடம் முதல் தடவையாகச் சொன்னேன். அவர் படத்தைச் சுருட்டினார். "செரீங்க, அளக்கற அன்னிக்குக் கல்லு எங்க இருந்துச்சுன்னு வந்து சொல்றேனுங்க" என்று போய்விட்டார்.

மாலையில் பஸ் நிறுத்தத்தில் தரணி நின்றுகொண்டிருந்தான். கையைப் பிடிக்க வந்தான், நான் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன், அதுதான் சரியான முறை.

"எப்படி இருந்துச்சு?"

"உள்ளதச் சொல்லட்டா?"

"சொல்லு."

"மோசம். முட்டியில ரத்தம். நடுவுல அழுதேன். நாலு பேரு வந்தாங்க, ரெண்டு பேருக்குச் சரியாச் சொன்னேன், ஒருத்தருக்குத் தப்பாச் சொல்லிட்டேன், ஒருத்தரு என்னப் பாத்துட்டு வேற மேசைக்குப் போயிட்டாரு."

அவன் ஒன்றும் சமாதானம் சொல்லவில்லை. தெருமுனை வரை நடந்தோம்.

"நாளைக்கு?" என்றான்.

"எட்டே முக்கா பஸ்சு" என்றேன்.